மழைக்கு ஆகாத டயர்

எல்லோரும் அவரை நிதானம் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவர் தொழில். மாணவர் ஸ்டியரிங்கைத் தொட்டதும் அவர் சொல்கிற முதல் வார்த்தை 'நிதானம்'. திருப்பத்தில் ஒரு முறை, வேகத்தடையில் ஒரு முறை, மாடோ மனிதனோ குறுக்கே வந்தால் இரண்டு முறை. பாடம் முடிந்து இறங்கும்போது போனஸாக இன்னொன்று. ஊரில் கார் ஓட்டுகிறவர்களில் பாதிப் பேர் அவர் கையில் பழகியவர்கள். சிவப்பு விளக்கில் அவரைப் பார்த்துவிட்டால் சீட் பெல்ட் போடாதவர்கள் அவசரமாகப் போட்டுக்கொள்வார்கள்.

பள்ளிக்கூடக் கார் வெள்ளை நிறம். தலையில் மஞ்சள் பலகை. மாஸ்டர் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. இருபது வருடத்துக்கு மேலாக அந்தப் பிரேக்கின் மேல் கால் வைத்தே அவருடைய வலது செருப்பு மட்டும் சீக்கிரம் தேய்ந்துபோகும்.

அவருடைய முதல் மாணவி அவர் மனைவிதான். கல்யாணமான புதிதில் ஒரு வாடகை வண்டியில் சொல்லிக் கொடுத்தார். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற வேலை அந்த அம்மாளுக்கு. எலும்பை நேராக நிறுத்திப் படம் பிடித்துப் பழகிய கை. ஸ்டியரிங்கையும் அப்படியே நேராகப் பிடித்தார். ஒரு கீறல் இல்லாமல் இத்தனை வருடம் ஓட்டினார். மாஸ்டர் யாரையும் எளிதில் பாராட்டுகிறவர் இல்லை. ஆனால் மனைவி ஓட்டும்போது மட்டும் பக்கத்தில் உட்கார்ந்து கண்ணை மூடித் தூங்குவார். அவரிடம் கற்றுக்கொண்டவர்களுக்குத்தான் அது எவ்வளவு பெரிய சான்றிதழ் என்று தெரியும்.

மகள் வேலை கிடைத்து வேறு ஊர் போன பிறகு இருவரும் சேர்ந்து ஒரு பழைய விளையாட்டுக் கார் வாங்கினார்கள். இரண்டே இருக்கை. துணிக் கூரை. எடை என்று பார்த்தால் சாதாரணக் காரில் பாதிதான் வரும். நாலு பேர் பிடித்தால் பின்பக்கத்தைத் தூக்கி நகர்த்தி வைத்துவிடலாம். வாங்கிய அன்றே அந்த அம்மாள் ஒன்று சொல்லியிருந்தார். இது ரெண்டு பேருடைய வண்டி, ரெண்டு பேரும் எந்த நாளும் எடுத்துக்கொண்டு போகிற மாதிரி இருக்க வேண்டும், ஷெட்டில் போர்வை போர்த்தி வைக்கிற வண்டி எனக்கு வேண்டாம் என்றார். மாஸ்டர் சரியென்று தலையாட்டினார்.

ஊருக்கு வெளியே பழைய விமான ஓடுதளம் ஒன்று உண்டு. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இந்த மாதிரி வண்டி வைத்திருப்பவர்கள் அங்கே கூடி, ஒவ்வொருவராகக் கடிகாரத்தோடு போட்டி போட்டு ஓட்டுவார்கள். பரிசெல்லாம் பெரிதாகக் கிடையாது. ஒரு டீ, ஒரு கைத்தட்டல், ஒரு மாதத்துக்குப் பேசித் தீர்க்க ஒரு விஷயம், அவ்வளவுதான். மாஸ்டரின் மச்சானும், அதாவது மனைவியின் அண்ணனும், அங்கே வருவார். அவர் பல் டாக்டர். அதே மாதிரி வண்டி. அதே எஞ்சின். ஆனால் ஒவ்வொரு முறையும் மாஸ்டரைவிட ஒரு மூச்சு முந்தி வந்துவிடுவார்.

"மாப்ளே, உங்களுக்குப் பேர் வெச்சவங்க யோசிச்சுத்தான் வெச்சிருக்காங்க" என்பார். சுற்றி நிற்பவர்கள் சிரிப்பார்கள். மாஸ்டரும் சிரித்துவிட்டுத் தேநீரைக் குடிப்பார். தேநீர் தொண்டையில் இறங்காது. ஊருக்கே ஓட்டக் கற்றுக்கொடுத்தவர், பல் பிடுங்குகிறவரிடம் தோற்பதென்றால் யாருக்குத்தான் இறங்கும்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை மச்சானின் வண்டி நின்றிருந்தபோது மாஸ்டர் குனிந்து டயரைப் பார்த்தார். சாதாரண டயர் இல்லை. பந்தயத்துக்கென்றே செய்து, சாலையிலும் ஓட்டலாம் என்று அனுமதி முத்திரை குத்திய வகை. அடப்பாவி மனுஷா, கையில் இல்லையடா வித்தை, காலில் இருக்கிறது என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டார். அடுத்த வாரமே டயர் கடைக்குப் போனார்.

கடையை நடத்துவது ஒரு அம்மாள். பந்தயக்காரர்களுக்கு டயர் விற்றே பழக்கப்பட்டவர். மூன்று டயர்களை உருட்டிக்கொண்டு வந்து அவர் முன்னால் படுக்க வைத்தார்.

முதலாவது, வேகமான வண்டிகளுக்குப் போடுகிற நல்ல சாலை டயர். பட்டன் என்று சொல்கிறோமே, அந்த மேடுபள்ளங்கள் ஆழமாக வெட்டியிருந்தன. மழை, வெயில் எதற்கும் கவலையில்லை. இரண்டாவது பந்தய வகைதான், ஆனால் தண்ணீரைத் தள்ளிவிட அதிலும் போதுமான வெட்டுகள் இருந்தன. ரப்பர் நடுத்தர மென்மை. மூன்றாவது கிட்டத்தட்ட மொட்டை. நடுவில் பேருக்கு இரண்டு கோடு. மாஸ்டர் விரல் நகத்தால் அழுத்திப் பார்த்தார். சோப்புக் கட்டியில் பதிகிற மாதிரி நகம் பதிந்தது.

கடைக்கார அம்மாள் பொறுமையாக விளக்கினார். கனமான வண்டி என்றால் அதன் எடையே டயரைச் சூடாக்கிவிடும், கெட்டி ரப்பர் போட்டாலும் பிடிப்பு வரும். இவருடையது இறகு மாதிரி வண்டி. கெட்டி ரப்பர் இதில் சூடாகவே ஆகாது. ஜில்லென்று கிடந்து வழுக்கும். அதனால் ஓடுதளத்தில் மட்டும் ஓட்டுவதென்றால் அந்த மூன்றாவது மென்மையான ரகம்தான் இதற்குப் பொருத்தம். அகலமான டயரும் வேண்டாம், காற்றும் குறைவாக வைத்தால் போதும். ஆனால் அதே இறகு எடைதான் மழையில் வில்லன். ரோட்டில் தண்ணீர் நின்றால் இந்த இரண்டு கோடு அதைத் தள்ளாது, வண்டி தண்ணீர் மேல் ஏறி மிதக்கும். குளிர்ந்த காலையில் மழை இல்லாவிட்டாலும் முதல் சில தெருக்கள் ஜாக்கிரதையாகப் போக வேண்டும்.

"மூணுலயும் ரோட்டுல ஓட்டலாம்னு முத்திரை இருக்கு மாஸ்டர். அதுக்காக எல்லா நாளும் ஓட்டலாம்னு அர்த்தம் இல்ல. வண்டிய வேற யாராவது எடுப்பாங்களா?"

"இல்லம்மா. நான் மட்டும்தான்."

"மழையில?"

"மழையில வெளிய எடுக்கவே மாட்டேன்."

இரண்டுமே பொய். பொய் என்று தெரிந்தே சொன்னார். இரண்டாவது டயரை எடுத்திருந்தால் வீட்டுக்கும் ஆச்சு, ஓடுதளத்துக்கும் ஆச்சு. மச்சானை நெருங்கக்கூட முடிந்திருக்கும். ஆனால் நெருங்குவதற்கா இவ்வளவு தூரம் வந்தார்? மூன்றாவதைக் காட்டி இதையே போட்டுவிடுங்கள் என்றார்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி வாசலுக்கு வந்து பார்த்தார். புது டயரா என்று கேட்டார். பழசு தேய்ந்துபோய்விட்டது, அதனால் மாற்றினேன் என்றார் மாஸ்டர். நல்லதா என்று கேட்டார். நல்ல கம்பெனி என்றார். அதற்கு மேல் அந்த அம்மாள் கேட்கவில்லை. டயர் விஷயத்தில் புருஷனை ஏன் சந்தேகப்பட வேண்டும்? டயரும் பிரேக்கும்தானே அவர் பிழைப்பு.

சொல்லிவிடலாம் என்று அன்று சாப்பிடும்போது நினைத்தார். சொன்னால், 'ரெண்டு பேர் வண்டின்னுதானே வாங்கினோம்' என்பார். அதற்குப் பதில் இல்லை. மழைக்காலம் வருவதற்குள் பழைய டயரையே திரும்ப மாட்டிவிடலாம் என்று தனக்குத்தானே ஒரு தவணை கொடுத்துக்கொண்டார்.

அந்த மாத ஞாயிற்றுக்கிழமை மச்சானை முந்தினார். கண் இமைக்கிற நேரம்தான் வித்தியாசம், ஆனாலும் முந்தினார். மனைவி எழுந்து நின்று கை தட்டினார். மச்சான் மட்டும் அவர் டயரைக் குனிந்து பார்த்துவிட்டு, முதுகில் ஒரு தட்டு தட்டி, "புரிஞ்சுபோச்சு மாப்ளே" என்றார். அன்று தேநீர் நன்றாக இறங்கியது.

மழைக்காலம் சொல்லிக்கொண்டு வரவில்லை. காய்ந்து கிடந்த நாட்களின் நடுவே ஒரு காலையில் திடீரென்று கொட்டியது. மாஸ்டர் விடியும் முன்பே மாணவர்களை லைசென்ஸ் பரீட்சைக்கு அழைத்துப் போயிருந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து மனைவிக்குப் போன் வந்தது. காலை வேலைக்கு வர வேண்டியவருக்குக் காய்ச்சல், கொஞ்சம் சீக்கிரம் வர முடியுமா என்று. பள்ளிக்கூடக் கார் வீட்டில் இல்லை. அந்த அம்மாள் சின்னக் காரின் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

பஸ் டிப்போவுக்குப் பக்கத்தில் ஒரு திருப்பம் உண்டு. டிப்போ பஸ்களின் எண்ணெய் சொட்டி எப்போதும் கறுப்பாக இருக்கிற இடம். மெதுவாகத்தான் போனார். பின்னால் வந்த பஸ் டிரைவரும் பிறகு அதையே சொன்னார். ஸ்டியரிங்கைத் திருப்பினார். சக்கரம் திரும்பியது, வண்டி திரும்பவில்லை. பரிசலில் போகிற மாதிரி அப்படியே நேராக வழுக்கிப் போய்ப் பூங்காவின் குட்டைச் சுவரில் முட்டி நின்றது. எதிரே சைக்கிளில் வந்தவர் வண்டி தன் மேல் வருவதைப் பார்த்து ஹேண்டிலை ஒடித்து விழுந்தார். சாவி செய்து கொடுக்கிறவர் அவர்; மார்க்கெட் முனையில் பெட்டிக்கடை. பையிலிருந்த வெற்றுச் சாவிகளெல்லாம் ரோட்டில் சிதறி மழையில் மின்னின. முழங்காலிலும் முழங்கையிலும் தோல் வழன்றுபோய் ரத்தம் வந்தது.

மாஸ்டர் செய்தி கேட்டு ஓடி வந்தபோது மனைவி ஒரு கையால் இன்னொரு மணிக்கட்டைப் பிடித்தபடி நனைந்துகொண்டு நின்றார். விழுந்தவரை ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பிய பிறகு கீழே கிடந்த சாவிகளைப் பொறுக்கி ஒரு கைக்குட்டையில் கட்டி வைத்திருந்தார். மாஸ்டரைப் பார்த்ததும், "எப்படின்னே தெரியலைங்க. நான் வேகமா வரல" என்றார்.

எப்படியென்று மாஸ்டருக்குத் தெரியும். முன்சக்கரம் அவர் கண் எதிரிலேயே இருந்தது. மொட்டை ரப்பர் மழையில் பளபளத்தது.

போக்குவரத்துப் போலீஸ்காரர் வந்து சுற்றிப் பார்த்தார். அவருக்கும் ஓட்டக் கற்றுக்கொடுத்தது மாஸ்டர்தான். மாஸ்டர் ஒரு அடி நகர்ந்து அந்தச் சக்கரத்துக்கு முன்னால் நின்றுகொண்டார். மறைக்க வேண்டிய அவசியமே இல்லை. முத்திரை குத்திய டயர், சட்டப்படி ஒரு குற்றமும் கிடையாது. ஆனாலும் கால் தானாக நகர்ந்து மறைத்தது.

"என்ன மாஸ்டர், ஊருக்கெல்லாம் நிதானம் நிதானம்னு சொல்லித் தர்றீங்க, வீட்டுல மட்டும் சொல்லலையா?" என்றார் போலீஸ்காரர். பஸ்ஸுக்கு நின்றவர்கள் சிரித்தார்கள்.

மாஸ்டரும் சிரித்தார்.

பெரிய சிரிப்பில்லை. ஹெஹ்ஹே என்று ஒரு சின்னச் சிரிப்பு. 'என்ன பண்றது, சொன்னா கேட்டால்தானே' என்கிற மாதிரி ஒரு சிரிப்பு. சிரித்த மறு நொடியே அதைத் திரும்ப வாய்க்குள் இழுத்துக்கொள்ள முடிந்தால் தேவலை என்றிருந்தது. மனைவி தலையைக் குனிந்துகொண்டார்.

அந்த அம்மாளுடைய மணிக்கட்டை அவருடைய ஆஸ்பத்திரியிலேயே, அவருடைய இயந்திரத்திலேயே, கூட வேலை செய்கிறவர் படம் எடுத்தார். எலும்பு முறியவில்லை, சுளுக்குதான். அங்கேயும் வேடிக்கையாகப் பேசினார்கள். டிரைவிங் மாஸ்டர் வீட்டிலேயே இப்படியா என்று. வீட்டுக்கு வரும் வழியில் மாஸ்டர் வாயைத் திறந்தார். உண்மையைச் சொல்லத்தான் திறந்தார். வெளியே வந்தது வேறு.

"மழையில திருப்பத்துல இன்னும் கொஞ்சம் ஸ்பீட கொறச்சிருக்கலாம்."

மனைவி ஜன்னலைப் பார்த்தபடி, "ஆமாங்க" என்றார்.

அந்த 'ஆமாங்க' மாஸ்டரை விடவில்லை. பல் துலக்கும்போது கேட்டது. மாணவன் கியர் மாற்றும் சத்தத்தில் கேட்டது. சண்டை போட்டிருந்தால், நான் மெதுவாகத்தான் போனேன் என்று அடித்துச் சொல்லியிருந்தால், இவரும் எதையாவது எதிர்த்துப் பேசி எங்கேயாவது உண்மை தெறித்திருக்கும். ஒப்புக்கொண்டுவிட்டவரிடம் என்ன பேசுவது?

அதற்குப் பிறகு அந்த அம்மாள் வண்டி எடுக்கவில்லை. மணிக்கட்டு சரியான பிறகும் பஸ்ஸில் போனார். போகிற வழியில் சாவிக்காரர் வீட்டுக்குப் போய் அவர் கட்டைப் பிரித்து மருந்து போட்டுவிட்டு வந்தார். மாஸ்டர் ஒரு முறைகூட அந்தப் பக்கம் போகவில்லை. நசுங்கிய காரைப் பட்டறையில் விட்டதும், டயரைப் பற்றி மெக்கானிக் வாயெடுக்கும் முன்பே பேச்சை மாற்றிவிட்டு வந்தார்.

ஒரு நாள் மனைவி அவரிடம், தனக்கு மறுபடியும் முதலிலிருந்து சொல்லித் தர முடியுமா என்று கேட்டார். எங்கேயோ அடிப்படையே தப்பாகியிருக்கிறது, ரோட்டில் தண்ணீரைப் பார்த்தாலே பயமாக இருக்கிறது என்றார். மாஸ்டரால் மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை. சனிக்கிழமைகளில் பள்ளிக்கூடக் காரில் அவரை ஓட்டும் இருக்கையில் உட்காரவைத்து, தான் இந்தப் பக்கம் பிரேக்கில் கால் வைத்து உட்கார்ந்தார். மஞ்சள் பலகையோடு ஊரைச் சுற்றினார்கள். தெரிந்தவர்கள் பார்த்துக் கையசைத்தார்கள்.

ஒரு தப்பும் இல்லை. கண்ணாடி பார்ப்பது, கியர் மாற்றுவது, பிரேக்கை மிதிக்கிற பக்குவம், எல்லாமே எப்போதும் போல அச்சுப் பிசகாமல் இருந்தது. ஆனால் பாடம் என்றால் ஏதாவது திருத்தியாக வேண்டுமே. கையை இன்னும் கொஞ்சம் மேலே பிடி என்றார். கொஞ்சம் முன்பே கால் எடு என்றார். அந்த அம்மாள் சொன்னதையெல்லாம் செய்துவிட்டு, "இப்ப சரியாங்க?" என்று கேட்பார். சரியாக இருந்ததைக் கெடுத்துவிட்டு, சரி என்று தலையாட்டுவார் மாஸ்டர். அவர் தொழிலில் இதைவிடக் கேவலமான காரியம் அவர் செய்ததில்லை.

நடுவில் மச்சானிடமிருந்து போன் வந்தது. அவருக்கு விபத்துச் செய்தி தாமதமாகத்தான் தெரிந்திருந்தது. நலம் விசாரித்த பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"மாப்ளே, அந்த டயரோடவா அவ மழையில போனா? டயரப் பத்தி அவளுக்குத் தெரியுமா?"

"தெரியும் மச்சான்."

எப்படி வந்தது அந்த வார்த்தை என்று மாஸ்டருக்கே தெரியவில்லை. மறுமுனையில் மச்சானுக்குக் கோபம் வந்துவிட்டது. தெரிந்துமா எடுத்தாள், ஒரு ஆள் செத்திருந்தால் என்ன ஆகியிருக்கும், ஞாயிற்றுக்கிழமை நேரில் வந்து நானே அவளிடம் பேசுகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டார்.  இப்போது அண்ணனுக்கு முன்னாலும் அந்த அம்மாளையே குற்றவாளி ஆக்கியாகிவிட்டது.

மறுநாள் சனிக்கிழமை. பாடம். விளையாட்டு மைதானத்தின் ஓரமாக வண்டியைப் பின்பக்கமாக நிறுத்தச் சொன்னார். அளவெடுத்த மாதிரி கோட்டுக்குள் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, இப்ப சரியா என்று மனைவி கேட்டார்.

மாஸ்டர் சொல்லிவிட்டார். டயர் கடையில் நடந்தது, மூன்று டயர், கடைக்கார அம்மாள் கேட்ட கேள்வி, தான் சொன்ன பதில், மச்சானை முந்த வேண்டும் என்கிற வெறி, மச்சானிடம் நேற்றுச் சொன்ன பொய், எல்லாவற்றையும். "உன் மேல ஒரு தப்பும் இல்ல. அந்த டயர்ல, அந்த மழையில, நானே ஓட்டியிருந்தாலும் போய் முட்டியிருப்பேன்" என்றார்.

மனைவி எஞ்சினை அணைத்தார். சாவியைத் திருப்பிய கை அங்கேயே இருந்தது.

"இத்தனை நாள் சொல்லாம இன்னைக்கு ஏன் சொல்றீங்க?"

பொய் சொல்ல வாய் தயாராகத்தான் இருந்தது. மனசு கேட்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். "நாளைக்கு உங்க அண்ணன் வர்றார்" என்றார்.

அந்த அம்மாள் மெதுவாகத் தலையாட்டினார்.  பிறகு, திட்டுவார் என்று மாஸ்டர் எதிர்பார்த்த இடத்தில், தாழ்ந்த குரலில் ஒன்று கேட்டார்.

"டயர விடுங்க. அன்னைக்கு அந்தப் போலீஸ்காரர் சொன்னதும் நீங்க சிரிச்சீங்களே, அது ஏன்?"

மாஸ்டர் பிரேக்கிலிருந்து காலை எடுத்துக்கொண்டார்.  மனைவி கதவைத் திறந்து இறங்கி, பஸ் நிறுத்தம் இருக்கிற பக்கம் நடந்தார். மாஸ்டர் கூப்பிடவில்லை. கூப்பிட அவருக்கு என்ன உரிமை இருந்தது?

ஞாயிற்றுக்கிழமை மச்சான் வந்தார். தங்கையைக் கண்டிக்க வாயைத் திறக்கும் முன்பே மாஸ்டர் குறுக்கிட்டு, அவளுக்குத் தெரியாது, நான் சொல்லவில்லை, உங்களிடமும் பொய் சொன்னேன் என்றார். எதற்கெடுத்தாலும் கேலி பேசுகிற மனிதர் கையிலிருந்த தேநீரை மேஜையில் வைத்துவிட்டு மாஸ்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கேலி செய்திருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

அந்த அம்மாள் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். யார் யாரெல்லாம் என்னைப் பார்த்துச் சிரித்தார்களோ அவர்களிடம் நீங்களே போய்ச் சொல்லுங்கள் என்றார்.

முதலில் போலீஸ்காரரிடம் போனார். டிப்போ முனையில் அவர் கைகாட்டிக்கொண்டு நின்றார். போக்குவரத்து ஓயும்வரை காத்திருந்து சொன்னார். போலீஸ்காரர் விழித்தார். "எந்த ஆக்சிடென்ட் மாஸ்டர்?" என்று கேட்டார். இந்தத் திருப்பத்தில் மாதத்துக்கு நாலு நடக்கும், எதை ஞாபகம் வைத்துக்கொள்வது? ஆக, பூங்காச் சுவர், மழை, சின்னக் கார், அவர் சொன்ன கேலி, இவர் சிரித்த சிரிப்பு என்று முதலிலிருந்து எல்லாவற்றையும் ஞாபகப்படுத்திவிட்டுத்தான் அதில் தன் தப்பு என்ன என்பதையும் சொல்ல வேண்டியிருந்தது. மறந்துபோனவருக்கு நினைவூட்டி அவமானப்படுவது தனி அவமானம். போலீஸ்காரர் சங்கடத்தோடு, சரி விடுங்க மாஸ்டர் என்று சொல்லிவிட்டு விசிலை வாயில் வைத்துக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் சொல்வது அவ்வளவு கஷ்டமாக இல்லை. எக்ஸ்ரே அறையின் வாசலில் நின்று, கூட வேலை செய்கிறவரிடம் இரண்டு வாக்கியத்தில் சொன்னார். அவர் கேட்டுக்கொண்டு, அடுத்த நோயாளியை உள்ளே கூப்பிட்டார்.

சாவிக்காரர் மட்டும் விடவில்லை. பெட்டிக்கடையில் சாவி ஒன்றை அரத்தால் ராவிக்கொண்டிருந்தார். அடிபட்ட காலை இன்னும் நீட்டியபடிதான் வைத்திருந்தார். மாஸ்டர் சொல்லி முடிக்கும்வரை ராவுவதை நிறுத்தவில்லை. முடித்த பிறகு சாவியை ஊதிவிட்டு நிமிர்ந்தார்.

"அந்தம்மா எத்தனை தடவ வந்திருப்பாங்க தெரியுமா? ஒவ்வொரு தடவையும் மன்னிச்சுக்கங்க மன்னிச்சுக்கங்கன்னு. நானும் பெரிய மனசு பண்ணி பரவால்லம்மா, பார்த்து ஓட்டுங்கன்னு புத்தி சொல்லி அனுப்பினேன். யாருக்குச் சொல்ல வேண்டியத யார்கிட்ட சொல்லியிருக்கேன் பாருங்க."

மாஸ்டர் நின்றுகொண்டே இருந்தார். பின்னால் பூட்டோடு வந்த ஒருவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றார். அவர் இருக்கிறாரே என்று சாவிக்காரர் குரலைக் குறைக்கவில்லை. குறைக்க வேண்டும் என்று மாஸ்டரும் எதிர்பார்க்கவில்லை.

ஊர் என்றால் இதெல்லாம் தங்குமா? வாரம் திரும்புவதற்குள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. புதிதாகப் பாடத்துக்குச் சேர்வதாக இருந்த இரண்டு பேர் வரவில்லை. அதுகூடப் பெரிதாகப் படவில்லை. மனைவி மறுபடியும் பாடம் எடுத்துக்கொள்ளப் போனார், ஆனால் எதிர்த்தெரு டிரைவிங் பள்ளிக்கூடத்தில். அங்கே சொல்லிக்கொடுக்கிற பெண் மாஸ்டரிடமே படித்துத் தொழிலும் கற்றுக்கொண்டு போனவள். "உங்ககிட்ட கத்துக்கிட்டா எது பாடம் எது பொய்ன்னு எனக்குத் தெரியாது" என்று மட்டும் மனைவி மாஸ்டரிடம் சொன்னார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

ஒரு நாள் சிக்னலில் மாஸ்டரின் வெள்ளைக் காருக்குப் பக்கத்தில் எதிர்த்தெருப் பள்ளிக்கூடத்தின் நீலக் கார் வந்து நின்றது. மாஸ்டரின் பக்கத்தில் ஓட்டிக்கொண்டிருந்த தையல்காரர் எட்டிப் பார்த்தார்.

"மாஸ்டர், அது உங்க வீட்டம்மா மாதிரி இருக்கே?"

"அவங்கதான். நீங்க சிக்னலப் பாருங்க" என்றார் மாஸ்டர். காது இரண்டும் சுட்டன. நீலக் காரில் சொல்லிக்கொடுக்கிற பெண் இவரைப் பார்த்துவிட்டு, மரியாதைக்கு வணக்கம் வைப்பதா வேண்டாமா என்று தெரியாமல் மடியைப் பார்த்துக்கொண்டாள். மூன்றாவது பாடத்திலேயே அவள், உங்களுக்குச் சொல்லித்தர என்னிடம் ஒன்றும் இல்லை என்று அந்த அம்மாளை அனுப்பிவிட்டதாகப் பிறகு தெரிந்தது.

சின்னக் கார் பட்டறையிலிருந்து வந்தபோது டயர் வாங்க மனைவியே கிளம்பினார். நீங்களும் வரலாம் என்று மாஸ்டரிடம் சொன்னார். கடைக்கார அம்மாள் மாஸ்டரைப் பார்த்ததும், பார்த்த இடத்திலேயே விஷயத்தைப் புரிந்துகொண்ட மாதிரி, ஒன்றும் கேட்காமல் அதே மூன்று டயர்களை உருட்டி வந்தார். மனைவி ஒவ்வொன்றாகக் கேட்டார். குளிர்ந்த காலையில் எத்தனை தூரம் போனால் பிடிப்பு வரும், தண்ணீர் எவ்வளவு ஆழம் நின்றால் மிதக்க ஆரம்பிக்கும், தேயத் தேய மழையில் எப்படி மாறும், இரண்டு பேர் உட்கார்ந்தால் காற்று எவ்வளவு. படம் எடுக்கும் முன் நோயாளியைத் திருப்பித் திருப்பிப் படுக்கவைக்கிற அதே பொறுமை. மாஸ்டர் பேசாமல் ஓரத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். பதில் எல்லாமே அவருக்குத் தெரிந்த பதில்கள்தான். தெரிந்தவன் வாயை மூடிக்கொண்டிருந்ததால்தான் இவ்வளவும் நடந்தது என்பது அந்த ஸ்டூலில் உட்கார்ந்திருந்தபோது அவருக்கு இன்னும் அழுத்தமாகப் பட்டது.

மனைவி முதலாவதை எடுப்பார் என்று மாஸ்டர் நினைத்தார். அவரோ நடுவில் இருந்த இரண்டாவதைக் கை காட்டினார். "ஓடுதளத்துல நானும் ஒரு தடவ ஓட்டிப் பார்க்கணும்" என்றார். அது மாஸ்டருக்குப் புதுச் செய்தி. இத்தனை வருடத்தில் உனக்கும் ஆசை உண்டா என்று அவர் கேட்டதே இல்லை.

ஓட்டினார். மச்சானைவிட மெதுவாகத்தான், மாஸ்டரைவிடவும் மெதுவாகத்தான். இறங்கும்போது சிவந்த முகத்தில், மகள் பிறந்த வருடத்துக்குப் பிறகு பார்க்காத ஒரு சிரிப்பு இருந்தது. அந்தச் சிரிப்பு மாஸ்டரைத் தாண்டி வேறு பக்கம் போனது. மழை நாட்களில் தனியாகவே கிளம்பிப் போனார். நானும் வரட்டுமா என்று கேட்க மாஸ்டருக்குத் தோன்றும், கேட்காமல் வாசலில் நிற்பார்.

இப்போது பேச்சுவார்த்தையெல்லாம் வழக்கம் போல ஆகிவிட்டது. வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு ஒன்றும் தெரியாது. குடும்பத்தில் நாலு பேர் கூடினால் மச்சான் அந்தக் கதையை எடுத்துவிடுவார். முதல் முறை மாஸ்டர் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விட்டார். பிறகு போவதை நிறுத்திக்கொண்டு, உட்கார்ந்து முழுவதும் கேட்கப் பழகினார். போன மாதம் மகள் விடுமுறைக்கு வந்திருந்தபோதும் மச்சான் சொன்னார். சொல்கிற சுவாரசியத்தில், பாவம் மாப்பிள்ளையை அந்தக் கடைக்காரி ஏமாற்றித் தலையில் கட்டிவிட்டாள் என்று ஒரு வரியைச் சேர்த்தார். மகளும் அப்பாவைப் பரிதாபமாகப் பார்த்தாள். மனைவி வேர்க்கடலைத் தோலை ஊதிக்கொண்டிருந்தார்.

"இல்ல மச்சான்" என்றார் மாஸ்டர். "அவங்க எல்லாத்தையும் தெளிவாத்தான் சொன்னாங்க. வேற யாராவது ஓட்டுவாங்களான்னுகூடக் கேட்டாங்க. நான்தான் இல்லன்னு சொன்னேன்."

 மகள் தன் கையைப் பார்த்துக்கொண்டாள்.  மனைவி, உரித்த கடலையில் ஒரு கைப்பிடியை எடுத்து அவர் பக்கமும் தள்ளி வைத்துவிட்டு, மகளிடம் அவள் வேலையைப் பற்றி விசாரிக்க ஆரம்பித்தார்.